நாரை வீட்டுப் பெண்

தபால் ஆபீசிலிருந்து வெர்லீன் ரோதர்மெலின் வீட்டுக்கு அதிக தூரமில்லை. நடுவில் ஒரு ரயில்வே கேட். செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அந்தக் கேட் இறங்கியிருந்தது. நிலக்கரி ரயில் தன்பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. வெர்லீன் காரை நிறுத்திவிட்டுப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டியும் போயிற்று. கேட் மேலே எழும்பியது. எங்கே போகக் கிளம்பினோம் என்பது தனக்குத் தெரியவில்லை என்று அப்போதுதான் அவள் கண்டாள்.

எதிரே இரண்டு தெருக்கள். இரண்டும் சின்ன வயதிலிருந்து அவள் நடந்த தெருக்கள்தான். ஒன்றில் அவள் வீடு இருக்கிறது. எதில்? பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். மறுபடி ஹாரன். பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியதுபோல, எல்லாம் திரும்பி வந்தது. இடது பக்கத் தெரு. பச்சைக் கூரை. கராஜை இடித்துக் கட்டிய அவளுடைய முடி அலங்காரக் கடை. பதினொரு மணிக்கு டொரோத்தியா வருவாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் அவள் இறங்கவில்லை. அவளுக்கு நாற்பத்தாறு வயது. அம்மா பவுலினாவுக்கு ஆரம்பித்ததும் இந்த வயதில்தான்.

அம்மா முதலில் சூப்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். பிறகு ஒரு நாள் அப்பாவின் பூட்ஸை அடுப்புக்குள் வைத்துவிட்டு, ரொட்டி வேகட்டும் என்று காத்திருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். கடைசிக் காலத்தில் அவள் எதற்கும் சிரிக்கவில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், யாரோ அந்த விரலைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. ஐம்பத்திரண்டு வயதில் இறந்தாள். சின்ன வயதில் சர்க்கரைப் பீட்கிழங்கு வண்டியிலிருந்து தலைகுப்புற விழுந்தவள், அந்த அடிதான் பின்னாளில் வேலையைக் காட்டிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். வெர்லீனும் அதையே நம்பியிருந்தாள். நம்புவதற்குச் சௌகரியமான காரணம் அது. வண்டியிலிருந்து விழாதவர்களுக்குப் பயமில்லை அல்லவா?

டொரோத்தியா வந்தாள். ஊர்ச் செய்தி முழுவதையும் தலையில் சுமந்துகொண்டு வருபவள் அவள். தலையைக் கழுவினால் செய்தியும் சேர்ந்து கொட்டும்.

"கேட்டியா வெர்லீன், கொலராடோ பக்கம் ஒரு குடும்பமாம். நம்ம ஆளுங்கதான், ருஷ்யாவுல வோல்காக் கரையிலேர்ந்து வந்த ஜெர்மன்காரங்க. ஐம்பது வயசு ஆகறதுக்குள்ள ஒவ்வொருத்தரா புத்தி கலங்கிப் போறாங்களாம். பெத்த பிள்ளையையே யாருன்னு கேக்கறாங்களாம். எங்கேயோ பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர் வீடு வீடா போய் விசாரிக்கிறாராம்."

"பாவம். யாரு அவங்க?"

"ப்ஃபான்ஹவுஸ்னு பேரு." டொரோத்தியா கண்ணாடியில் வெர்லீனின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "அட, உங்கம்மா வீடு இல்லடி. அவங்க பேருக்கு முன்னால ஒரு ‘பி’ இருக்கு. உங்கம்மா வெறும் ஃபான்ஹவுஸ்தானே. அது வேற, இது வேற."

"ஆமா, வேறதான்" என்றாள் வெர்லீன். ரோலர் ஒன்று அவள் கையிலிருந்து நழுவி நாற்காலிக்கு அடியில் உருண்டு போனது. குனிந்து தேடும் சாக்கில் சற்று நேரம் கீழேயே இருந்தாள்.

வெறும் தலைவலி என்றால் கணவன் எல்ராயிடம் சொல்லியிருப்பாள். இது தலைவலி இல்லை. மகள் ஜனெலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ட்வைட், பக்கத்து ஊர் கெஸ்லர் வீட்டுப் பையன். ஜனவரியில் கல்யாணம். கிழங்கு அறுவடை முடியாமல் எங்கள் ஊரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சாவதுகூட நவம்பருக்கு மேல்தான் என்று சர்க்கரை ஆலைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். தனக்கு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அம்மாவிடமிருந்து தனக்கு வந்தது தன்னிடமிருந்து ஜனெலுக்கும் போயிருந்தால்? அந்தப் பெண் பெறப்போகும் பிள்ளைகளுக்கும் போனால்? தெரிந்தும் சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டாரின் கையில் பெண்ணைப் பிடித்துக் கொடுப்பதா? தெரியாமல் பொய்யான பயத்தைச் சொல்லிக் கல்யாணத்தைக் கெடுப்பதா?

முதலில் தெரிய வேண்டும். வேறு வழியில்லை.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு அவள் கல்லறைகளுக்குப் போக ஆரம்பித்தாள். ஜனெல் கல்யாணத்துக்கு வம்ச மரம் ஒன்று எழுதிச் சட்டம் போட்டுக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவைத்தாள்.

"திங்கக்கிழமை ஆனா செத்தவங்களோட பேசப் போயிடறே" என்றான் எல்ராய். "உயிரோட இருக்கற எனக்கு மத்தியானம் என்ன?"

"ஃப்ரிட்ஜ்ல கோசு ரொட்டி இருக்கு. சூடு பண்ணிக்கோ."

"செத்தவங்க குடுத்து வச்சவங்க. அவங்களைத் தேடிக் கார் போட்டுட்டுப் போறே."

பள்ளத்தாக்கு முழுவதும் சின்னச் சின்னக் கல்லறைத் தோட்டங்கள். கிழங்கு வயல் நடுவே நாலு மரமும் ஒரு கம்பி வேலியும் தெரிந்தால் உள்ளே எங்கள் ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கல்லில் படிந்த பாசியை ஒரு பழைய சீப்பால் சுரண்டி அவள் பெயர் படித்தாள். ஒரு கல்லில் ‘பி’ இருந்தது. அந்த மனிதனின் மனைவி கல்லில் அது இல்லை. மகன் வான்ஹவுஸ் என்று படுத்திருந்தான். இன்னொரு மகன் ஃபென்ஹாஸ். பேரனோ வெறும் ஹவுஸ். ஒரே வரிசை, ஒரே வேலி, அப்பனும் பிள்ளையும் அடுத்தடுத்த குழியில், ஆளுக்கொரு பெயர். கல் செதுக்கினவன், பள்ளிக்கூட வாத்தியார், நில ஆபீஸ் குமாஸ்தா என்று ஒவ்வொருவரும் தன் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். இதில் எது அம்மாவின் பெயர், எது அந்த நோய்க்காரர்களின் பெயர்?

அவள் வயதுகளைப் பார்த்தாள். எண்பத்தெட்டு என்றிருந்தால் அந்தக் கல்லைத் தடவிக் கொடுத்தாள். நாற்பத்தொன்பது என்றிருந்தால் அடுத்த கல்லுக்கு நகரக் கால் வரவில்லை. நாற்பத்தொன்பதில் செத்தவன் நிமோனியாவில் செத்திருக்கலாம், ஆலையில் சக்கரத்தில் மாட்டிச் செத்திருக்கலாம். கல் அதைச் சொல்லாது. எழுத்து மாற மாற, எல்லாரும் தனக்குச் சொந்தம்போல நெருங்கி வந்தார்கள். காற்றடிக்கும் அந்தத் திடலில் அவள் ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அக்டோபரில் துணிந்து கொலராடோவுக்குப் போனாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கதவைத் திறந்தவள் ஆர்டித் என்ற பெண். ஏப்ரன் கட்டியிருந்தாள், வாயில் ஊசி இருந்தது. வெர்லீன் வம்ச மரக் கதையைச் சொன்னாள்.

"நீங்களும் பார்க்க வந்தீங்களா?" என்றாள் ஆர்டித், ஊசியை எடுத்துக் காலரில் குத்திக்கொண்டு. "டாக்டருங்க வந்தாங்க. பத்திரிகைக்காரன் வந்தான். டிக்கெட் போட்டிருந்தா இந்நேரம் கூரை மாத்தியிருப்பேன். உள்ள வாங்க, காப்பி இருக்கு."

சமையலறை மேஜையில் அவள் கணவன் மில்டன் உட்கார்ந்திருந்தான். டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன். ஐம்பது வயது இருக்கலாம். ஒரு துண்டை மடித்தான், உதறினான், மறுபடி மடித்தான். வெர்லீனைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். பிறகு துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டான். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டது. மற்ற நாலு விரல்களும் அதை மூடி இறுக்கின.

வெர்லீன் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுத் தன் கைகளை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

"பேரை வச்சு ஒண்ணும் தெரியாது கண்ணு" என்றாள் ஆர்டித். அவள் கண்ணில் எதுவும் தப்பவில்லை. "வோல்காக் கரையில அந்த ஊருல பாதிப் பேருக்கு இதே குடும்பப் பேருதான். பாதிரியாருக்கே குழம்புமாம். அதனால வீட்டுக்கு வீடு பட்டப்பேரு வச்சிருந்தாங்க. கொல்லன் வீடு, உப்பு வீடு, செந்தாடி வீடு. உங்க வீட்டுக்கும் இருந்திருக்குமே?"

"அம்மா சொன்னதில்ல."

"சொல்ல மாட்டாங்க. சொந்தப் பட்டப்பேரைத் தன் வாயால சொல்றது அசிங்கம். ஊருதான் கூப்பிடணும்." ஆர்டித் கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "இவரு நாரை வீடு. காலைப் பாருங்க, மேஜைக்கு வெளியே நிக்குது. டாக்டர் எல்லா வீட்டையும் விசாரிச்சுட்டாரு. கொல்லன் வீட்டுல தொண்ணூறு வயசுக் கிழவி சீட்டாட்டத்துல எல்லாரையும் ஏமாத்தறா. உப்பு வீட்டுலயும் ஒண்ணும் இல்ல. நாரை வீட்டுக்கு மட்டும்தான் இந்தச் சாபம். அதுலயும் பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிக் காட்டி விளக்கினாரு. எனக்கு நாலு பிள்ளைங்க. அந்தக் காசைப் பிடுங்கி அவரு மூஞ்சில வீசணும்போல இருந்துச்சு."

மில்டன் துண்டை மறுபடி எடுத்தான்.

திரும்பும் வழியில் வெர்லீன் சாலையோரம் காரை நிறுத்திப் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கித் தன் கால்களைப் பார்த்தாள். நீளமா? எல்ராய் கல்யாணத்தின்போது என்னவோ சொன்னானே, கால்களைப் பற்றி? நல்லதாகத்தான் சொன்னான். இப்போது அந்த நல்ல வார்த்தையே அவளைப் பயமுறுத்தியது. கட்டைவிரலை மடக்குகிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. ரூபன் மாமா. அம்மாவின் தம்பி. ஊருக்கு வெளியே தனியாக இருப்பவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். எழுபதை நெருங்கிய வயதிலும் போன வருஷத்துக் கோதுமை விலையைக் காசு பிசகாமல் சொல்வார். அவள் போனபோது உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"மாமா, கொலராடோல ப்ஃபான்ஹவுஸ்னு ஒரு குடும்பம்..."

"நமக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்றார் மாமா, அவள் முடிப்பதற்குள். "நம்ம பேரைக் கப்பல் துறையில குமாஸ்தா தப்பா எழுதிட்டான். எல்லாருக்கும் நடந்ததுதான்."

"சரி மாமா. நம்ம வீட்டுப் பட்டப்பேரு என்ன?"

கத்தி நின்றது. ஒரு கணம்தான். பிறகு தோல் மறுபடி சுருள் சுருளாக விழுந்தது.

"கொல்லன் வீடு" என்றார் மாமா. "எங்க தாத்தா லாடம் அடிச்சவரு."

வெர்லீன் அந்த நாற்காலியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாரக்கணக்கில் நெஞ்சில் கட்டியிருந்தது எல்லாம் கரைந்து வந்தது.

"வெங்காயத்துக்கு அழுவாங்க, பார்த்திருக்கேன்" என்றார் மாமா. "உருளைக்கிழங்குக்கு அழறது இப்பதான் பார்க்கறேன்." கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள். கத்தரிக்கோலை எங்கே வைத்தோம் என்று மறந்தால் சிரித்தாள். ரயில்வே கேட்டில் நடந்தது களைப்பினால் வந்தது, யாருக்குத்தான் வராது? கல்யாண உடுப்பு தைத்தாயிற்று. வெண்ணெய் உருண்டை சூப்புக்கு ஆள் பேசியாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா லவீனா கெஸ்லருக்கு ஒரே ஒரு ஆசை: பழைய முறைப்படி அழைப்புக்காரர் வைத்து ஊரை அழைக்க வேண்டும்.

"கார்டு எல்லாரும்தான் அனுப்பறாங்க சம்பந்தி" என்றாள் லவீனா. "கோல் தட்டி வாயால கூப்பிட்டாத்தான் அது கல்யாணம்."

அழைப்புக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் மிச்சமிருந்தவர் காட்லீப் ஒருவர்தான். எண்பது தாண்டியவர், வோல்காவில் பிறந்து சிறுவனாகக் கப்பலேறியவர். அவருக்குப் பார்வை மங்கியிருந்ததால் வெர்லீனே கார் ஓட்டினாள். டிசம்பர் கடைசி. பனி முழங்கால் வரை. ஒவ்வொரு வாசலிலும் கிழவர் ரிப்பன் கட்டிய கோலால் தரையைத் தட்டி, வீட்டின் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளே இருப்பவர் "இந்த வீடுதான்" என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால் அழைப்பு சேர்ந்தது. பிறகு கோலில் ஒரு ரிப்பனைக் குத்தி, ஒரு சின்னக் கிளாஸ் சாராயம் கொடுப்பார்கள். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அந்த வீடு கல்யாணத்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

"உப்பு வீட்டாரே! பானையில் கறி இருக்கு, பாட்டுக்கு ஆள் இருக்கு, வராத காலுக்கு வாதம் பிடிக்கும்!"

"இந்த வீடுதான்! கிழவா, உனக்கு இன்னும் சாவு வரலையா?"

"உன் சாராயத்தைக் குடிச்சுட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்!"

மதியத்துக்குள் காட்லீப்பின் மூக்கு செக்கச் சிவந்துவிட்டது. வெர்லீனும் சிரித்துச் சிரித்துக் களைத்திருந்தாள். கடைசியாக ரூபன் மாமா வீடு. கொல்லன் வீட்டாரே என்று அந்தப் பழைய குரல் கூப்பிடுவதைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கிழவரின் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டு, ஒரு அடி தள்ளி நின்றாள்.

கோல் தட்டியது.

"நாரை வீட்டாரே!"

வெர்லீன் முதலில் சிரித்த முகத்தோடேயே நின்றாள். கிழவர் எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்தாள்.

"இது ரூபன் மாமா வீடு" என்றாள்.

"தெரியும் பொண்ணே, கண்ணுதான் போச்சு, மூளை போகல. இவங்க அப்பன் வீட்டு வேலியில காய் திருடி உதை வாங்கினவன் நான். நாரை வீட்டாரே! காது கேக்கலையா, கல்யாணப் பொண்ணைப் பிடிக்கலையா?"

ஜன்னல் கண்ணாடி வழியே மாமா தெரிந்தார். அடுப்பருகே நின்றிருந்தார். கையில் ஒரு தட்டு. அவர் அசையவில்லை.

பனி உறைந்த வயலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டு முறை ஆயிற்று. மூன்றாவது முறையும் அவர் வாய் திறக்காவிட்டால் காட்லீப் தோளைக் குலுக்கிக்கொண்டு காருக்குத் திரும்புவார். கிழவனுக்குத் தப்பாக ஞாபகம் என்று நாளைக்குச் சொல்லிவிடலாம். திறக்காதீங்க மாமா என்று வெர்லீன் மனசுக்குள் கெஞ்சினாள். திறக்காதீங்க.

"நாரை வீட்டாரே! மூணாவது தடவை!"

கதவு திறந்தது. மாமா கிழவரைப் பார்க்கவில்லை, வெர்லீனைப் பார்த்தார்.

"இந்த வீடுதான்" என்றார்.

காட்லீப் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு அடுப்போரத்தில் குறட்டைவிட ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் பேசினார்கள்.

"எந்தக் குமாஸ்தாவும் எதையும் மாத்தல" என்றார் மாமா. "எங்க குடும்பம் இந்த நாட்டுக்கு வந்தப்புறம், எங்க பெரியக்காவைப் பொண்ணு கேட்டு ஒரு வீட்டுக்காரங்க வந்தாங்க. யாரோ நாரை வீடுன்னு சொல்லியிருக்காங்க. காப்பிகூடக் குடிக்காம திரும்பிட்டாங்க. மறுநாளே அப்பா தபால் பெட்டிக்கு பெயிண்ட் அடிச்சாரு, புதுப் பேரு எழுதினாரு. சர்ச்சை மாத்தினாரு, ஊரை மாத்தினாரு. உங்கம்மா கல்யாணத்தன்னிக்கு என்னைக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போயி, வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கினாரு."

"எங்கப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அந்த பூட்ஸ் வெந்த நாளைக்கு அப்புறமும் தெரியாது."

"எங்கிட்ட ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

"நீ வந்து நின்ன மூஞ்சியப் பார்த்தேன். அதான்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "எனக்கு ஹில்ட்ரெட்னு ஒருத்தி இருந்தா. நாப்பது ஆகட்டும், பார்ப்போம்னேன். அப்புறம் ஐம்பது ஆகட்டும்னேன். அவ வேற ஒருத்தனைக் கட்டிட்டா. அறுபது வயசுல ஒரு நாள் மளிகைக் கடையில சில்லறையைச் சரியா எண்ணி வாங்கிட்டு வெளியே வந்தேன். அங்கயே நின்னு அழுதேன். எனக்கு வரவே இல்ல, வெர்லீன். வரும் வரும்னு வாசலைப் பார்த்தே உக்காந்துட்டேன்."

அவளுக்கு அவரைத் தொடத் தோன்றியது. தொட்டால் தானும் உடைந்துவிடுவோம் என்று தொடவில்லை.

அன்று மாலை ஜனெல் கல்யாணத்துக்கு முடியை எப்படிப் போடுவது என்று பார்க்கக் கடைக்கு வந்தாள். வெர்லீன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னல் பாதியில் நிற்க, எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடியைப் பார்த்துச் சொல்வது கொஞ்சம் எளிதாக இருந்தது. ரயில்வே கேட் வரைக்கும் சொன்னாள்.

ஜனெல் கண்ணாடியில் அம்மாவையே பார்த்தாள்.

"உனக்கு ஆரம்பிச்சுடுச்சாம்மா?"

"தெரியலடி."

"செப்டம்பர்லேர்ந்து தனியா இதைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கே. உடுப்புக்கு அளவெடுக்கும்போதும் சொல்லல. கேக்குக்கு ருசி பார்க்கும்போதும் சொல்லல."

"பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் எப்படி இருக்குமாம்?" ஜனெல் கழுத்தில் கட்டியிருந்த துணியை உருவிப் போட்டுவிட்டு, பாதிப் பின்னலோடு எழுந்து போய் ட்வைட்டுக்கு போன் செய்தாள்.

அவன் பிக்கப்பில் வந்தான். ஜனெல் ஏறிக்கொண்டாள். வண்டி அங்கேயே, வாசலிலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிகள் முழுக்க ஆவி படர்ந்து வெளுத்துவிட்டன. உள்ளே யார் பேசுகிறார்கள், யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை. வெர்லீன் சமையலறை ஜன்னலில் நின்றாள். எல்ராய் ஆலையிலிருந்து வந்து, அவள் சொன்னதையெல்லாம் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டான். ரொம்ப நேரம் அவள் கால்களையே பார்த்தான்.

"பையன் இன்ஜினை அணைக்கல" என்றான் கடைசியில். "பெட்ரோல் வீணாகுது." பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

பிக்கப் கதவு ஒன்றுதான் திறந்தது. ஜனெல் இறங்கினாள். வண்டி போய்விட்டது.

"அவங்கம்மாகிட்ட சொல்லணுமாம்" என்றாள். நேரே அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை லவீனாவுக்கு முடி சுருட்டும் நாள். கல்யாணத்துக்காக முன்பே குறித்துவைத்தது. வர மாட்டாள் என்று வெர்லீனுக்கு நிச்சயம். ஆனாலும் துண்டுகளை அடுக்கி வைத்தாள், பாட்டில்களைத் துடைத்தாள். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

லவீனா வந்தாள், வணக்கம் சொன்னாள், உட்கார்ந்தாள். அவ்வளவுதான். வெர்லீன் தலையை நனைத்தாள், பகுதி பகுதியாகப் பிரித்துச் சுருட்டினாள், முதல் மருந்தை ஊற்றினாள். மருந்தின் காரம் கண்ணில் ஏறியது.

"எங்க மாமனார் எப்படிச் செத்தாருன்னு உங்களுக்குச் சொல்லியிருக்கேனா?" என்றாள் லவீனா திடீரென்று.

"குதிரை உதைச்சுதுன்னு..."

"குதிரை இல்ல. கயிறு. கொட்டகையில. அவருக்கு முன்னால அவரோட அண்ணன், அதே உத்தரத்துல. ட்வைட் அப்பாவும் மாசக்கணக்கா பேசாம இருப்பாரு பாருங்க, அப்பல்லாம் நான் கொட்டகைச் சாவியைத் தலையணைக்கடியில வச்சுட்டுத்தான் படுப்பேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நாங்களும் உங்களுக்குச் சொல்லல. ட்வைட்டுக்கே தெரியாது. நேத்துதான் சொன்னேன். அவன் எங்கிட்ட உங்க கதையைச் சொன்னான், நான் அவங்கிட்ட எங்க கதையைச் சொன்னேன். அவங்கப்பா பக்கத்து அறையில டிவி பார்த்துட்டு இருந்தாரு."

வெர்லீன் பாட்டிலைக் கீழே வைத்தாள். "கல்யாணம்?" என்று மட்டும் கேட்டாள்.

"உண்டாம். காலையில உங்க பொண்ணுக்கு போன் பண்ணிட்டான். பிள்ளை குட்டி பத்தி அவங்களே பேசிக்குவாங்களாம், நாம வாயைத் திறக்கக் கூடாதாம்." லவீனா மூக்கை உறிஞ்சினாள். "திறக்கறதா இருந்தா முன்னாடியே திறந்திருக்கணும், ரெண்டு பேரும்."

கடிகாரம் மணியடித்தது. முதல் மருந்தை அலசிவிட்டு இரண்டாவது மருந்தைப் போட வேண்டும். அது சுருளை நிலைநிறுத்துவது. விட்டுப்போனால் சுருளும் நிற்காது, முடியும் உடைந்து கொட்டும். வெர்லீன் அலசினாள், துடைத்தாள். ஜனெல் போனில் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வேலை செய்தாள். பிறகு நின்றாள். கையில் பாட்டில் இருந்தது. அது பாதி காலியாக இருந்தது.

போட்டோமா? இனிமேல்தான் போட வேண்டுமா?

லவீனாவின் தலை ஈரமாக இருந்தது. தண்ணீர் ஈரமா, மருந்து ஈரமா என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். அறை முழுவதும் ஒரே நெடி. ரயில் பெட்டிகள் கடந்து போன பிறகு இருந்த அந்த வெறுமை மறுபடி வந்தது. ஏதாவது சமாளிக்கலாம். இன்னொரு முறை அலசிவிட்டு முதலிலிருந்து போடலாம், கேட்டால் புது முறை என்று சொல்லலாம்.

"சம்பந்தி" என்றாள். "ரெண்டாவது மருந்து போட்டுட்டேனா?"

லவீனா கண்ணைத் திறந்தாள். கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லவீனாவின் முகம் வெளுத்திருந்தது. அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்பக்கம் போட்டீங்க" என்றாள். "முன்பக்கம் பாக்கி இருக்கு."

வெர்லீன் தலையசைத்துவிட்டு, முன்பக்கத்துக்குப் போட ஆரம்பித்தாள்.